சகுனம் என்றால் பறவை

'சகுனம் சரியில்லை' என்று ஒருவர் சொன்னால் நமக்கு முதலில் பூனைதான் ஞாபகத்துக்கு வருகிறது. இல்லையென்றால் ஒற்றைத் தும்மல், எண்ணெய்த் தூக்கு, விறகுக்கட்டு. பறவை வருவதே இல்லை. ஆனால் அந்தச் சொல்லின் முதற்பொருள் பறவைதான். சகுனம், சகுனி, சகுந்தம் என்று வடமொழியில் வழங்கும் மூன்றுமே பறவையைக் குறித்த பெயர்கள். காட்டில் விடப்பட்ட பெண்குழந்தையைப் பறவைகள் சூழ்ந்து காத்தன, கண்டெடுத்த கண்வ முனிவர் அதனால்தான் சகுந்தலை என்று பெயர் வைத்தார் என்று மகாபாரதம் சொல்கிறது. அதே மகாபாரதத்தில் வரும் காந்தார நாட்டுச் சகுனியின் பெயரும் பறவைப் பெயரே. அவன் செய்த சூழ்ச்சியால்தான் 'சகுனம்' என்ற சொல் வந்தது என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. அது சரியில்லை. வேதத்திலேயே இருக்கும் சொல் இது, அங்கே அதற்குப் பறவை என்றுதான் பொருள்.

ரிக் வேதத்தின் இரண்டாம் மண்டலத்தில் 42, 43 என்று அடுத்தடுத்து இரண்டு சின்னப் பாட்டுகள் இருக்கின்றன. இரண்டும் ஒரு பறவையைப் பார்த்துப் பாடியவை. கபிஞ்சலம் என்று மரபாகச் சொல்லப்படும் அது கௌதாரி இனம். துடுப்புப் போடுகிறவன் படகைச் செலுத்துவதுபோல நீ உன் குரலைச் செலுத்துகிறாய், பருந்து உன்னை அடிக்காமல் இருக்கட்டும், வில்லோடு வருகிறவன் கண்ணில் நீ படாமல் இருக்கட்டும், எங்கள் வீட்டுக்கு வலப்புறமிருந்து நல்ல வார்த்தையாகச் சொல் என்று கேட்கிறார்கள். குறி சொல்லும் பறவையிடம் தங்களுக்கு வேண்டியதைக் கேட்பதற்கு முன்னால், அந்தப் பறவை பத்திரமாக இருக்க வேண்டுமே என்று கவலைப்படுகிறார்கள் பாருங்கள், அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

அப்புறம் சொல் மெதுவாக இறகை உதிர்க்கத் தொடங்கிவிட்டது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் சகுனத்துக்கென்றே நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறார். அதற்குள் நாய், நரி, பசு, குதிரை, யானை எல்லாம் வந்துவிட்டன. அதாவது அந்தக் காலத்திலேயே 'பறவை' என்ற சொல்லின் கீழ் நாயின் குரைப்பையும் நரியின் ஊளையையும் பேசியிருக்கிறார்கள், யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. தமிழுக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்தபோது வழக்கில் தங்கியது குறி என்ற பொருள்தான், பறவை பின்தங்கிவிட்டது.

இதைவிட எனக்கு வியப்பாக இருப்பது வேறு விஷயம். தமிழில் ஏற்கெனவே இதற்கு ஒரு சொல் இருந்தது, அதுவும் பறவைதான். புள்.

புள் என்றால் பறவை, புள் என்றால் நிமித்தமும். சங்கப் பாடல்களில் இரண்டு பொருளும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. தொல்காப்பியத்தின் பாடாண் திணைப் பகுதியில் 'நாளும் புள்ளும் பிறவற்றின் நிமித்தமும்' என்று ஒரு வரி வருகிறது. நாள் என்பது நட்சத்திரம், புள் என்பது பறவை காட்டும் குறி, மிச்சமிருக்கும் எல்லாவற்றுக்கும் நிமித்தம் என்று பொதுப்பெயர். எவ்வளவு கவனமாகப் பிரித்திருக்கிறார்கள்! மலையமான் திருமுடிக்காரியைப் பாடும் கபிலர் (புறநானூறு 124), நல்ல நாள் பார்க்காமல் போனாலும், வழியில் புள் தடுத்தாலும், நேரம் கெட்ட நேரத்தில் உள்ளே நுழைந்து முறையில்லாமல் பேசினாலும்கூட அவனிடம் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை என்கிறார். 'புள்ளிடை தட்ப' என்பது அவர் வார்த்தை. நாம் இன்று சொல்லும் 'சகுனத்தடை'க்கு இதைவிடப் பொருத்தமான பழந்தமிழ் கிடைக்காது. இன்னொரு புலவர் கழைதின் யானையார், வல்வில் ஓரியிடம் கேட்டது கிடைக்காதபோது, பரிசில் தேடிப் போனவர்கள் தாங்கள் புறப்பட்ட புள்ளையும் பொழுதையும்தான் பழிப்பார்களே தவிர கொடுக்காதவரைப் பழிக்க மாட்டார்கள், அதனால் உன்மேல் எனக்கு வருத்தமில்லை, வாழ்க என்று முடிக்கிறார் (புறநானூறு 204). கொடுக்காதவனை நேரே குறைசொல்ல முடியாத இடத்தில் பழியை வாங்கிக்கொள்ளப் பறவை இருந்திருக்கிறது.

'புள்' இந்தப் பொருளில் சட்டென்று மறைந்துவிடவில்லை. 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில்கூட, காளத்தி மலைக்கு ஓடிவரும் கண்ணப்பர் வழியில் கண்டவற்றை, 'சகுனம்' என்ற சொல்லோடு 'தீய புட்கள்' என்றும் சேக்கிழார் சொல்கிறார். அவை இரத்தத்தைக் காட்டும், ஐயோ என் சாமிக்கு என்ன ஆனதோ என்று அவர் பதறுகிறார். போய்ப் பார்த்தால் இறைவன் கண்ணில் குருதி.

தமிழும் வடமொழியும் மட்டும் இப்படி இல்லை. கிரேக்கத்தில் 'ஓர்னிஸ்' என்ற ஒரே சொல் பறவைக்கும் குறிக்கும் பொது. லத்தீனில் பறவையைப் பார்ப்பது என்ற பொருளில் 'அவுஸ்பிகியம்' என்று சொல், 'மங்களகரமான' என்பதற்கு ஆங்கிலத்தில் புழங்கும் சொல் அதிலிருந்து வந்ததுதான். ரோமானியப் படைகள் கூண்டுக்கோழிகளைக் கூடவே கொண்டுபோகும், தீனி போட்டால் ஆசையாகக் கொத்த வேண்டும், கொத்தவில்லையென்றால் போருக்குப் போகக்கூடாது. கி.மு. 249இல் சிசிலித் தீவின் திரேபனா அருகே கோழிகள் தின்ன மறுத்தபோது, 'தின்னாவிட்டால் குடிக்கட்டும்' என்று படைத்தலைவன் கிளாடியஸ் அவற்றைக் கடலில் எறியச் சொன்னான் என்றும், அன்றைய போரில் கப்பல்களில் பெரும்பகுதியை இழந்தான் என்றும் ரோமானியர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஏன் எல்லோருக்கும் பறவை? இதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை என்பது என் எண்ணம். பொட்டல்காட்டிலோ கண்மாய்க் கரையிலோ சாயங்காலம் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆள்காட்டிக் குருவி என்று ஒன்று இருக்கிறது. நாம் அதைப் பார்ப்பதற்கு வெகுநேரம் முன்னாலேயே அது நம்மைப் பார்த்துவிடும், பார்த்ததும் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தி ஊரைக் கூட்டிவிடும். பெயரே ஆளைக் காட்டிக்கொடுப்பது. இரவில் மாடு பிடிக்கப் போகும் வெட்சி வீரனை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு அந்தக் குரல் மூடநம்பிக்கை இல்லை, உயிர் போகிற சேதி. முன்னால் புலி கிடக்கிறதா, ஆள் ஒளிந்திருக்கிறானா, தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதா, மழை வருமா என்பதெல்லாம் மேலே இருப்பதற்குத்தானே முதலில் தெரியும்? அந்த வழித்துணை அறிவுதான் அடிப்படை, வலம் போனால் நல்லது, இடம் போனால் கெட்டது என்ற கணக்கெல்லாம் அதன்மேல் பிறகு ஏறியது என்றுதான் நான் நினைக்கிறேன்.

குறி என்பது அந்தந்தத் தொழிலோடு ஒட்டியது என்பதைச் சிலப்பதிகாரம் ஓர் இடத்தில் தெளிவாகக் காட்டுகிறது. கோவலன் சிலம்பை விற்கக் கிளம்புகிறான், மதுரையின் ஆயர்பாடியில் திமில் பருத்த காளை ஒன்று எதிரே பாய வருகிறது. 'இமிலேறு எதிர்ந்தது இழுக்கு என அறியான்' என்கிறார் இளங்கோ, ஏன் அறியவில்லை என்றால் 'தன்குலம் அறியும் தகுதியன்று ஆதலின்'. மாட்டைப் பற்றிய குறி ஆயர்களுக்குத் தெரியும், வணிகன் மகனுக்குத் தெரிய வழியில்லை. அந்தத் தெருவில் ஒரு ஆயர் சிறுவன் கூட இருந்திருந்தால் 'அண்ணே, இன்னிக்குப் போகாதீங்க' என்று சொல்லியிருப்பானோ என்று ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் தோன்றும்.

பல்லியும் காக்கையும் சங்ககாலத்திலேயே இருக்கின்றன. காஞ்சிபுரத்தில் தங்கப்பல்லியைத் தொட வரிசையில் நிற்பதும், பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில் பல்லி விழும் பலனைத் தேடுவதும் நேற்று வந்த பழக்கம் இல்லை. காக்கை கரைந்தால் விருந்து வரும் என்பதும் அப்படியே. குறுந்தொகை 210இல், பிரிந்துபோனவன் திரும்பிவந்து 'அவளை எப்படி ஆற்றியிருந்தாய்' என்று தோழியை மெச்சும்போது, எனக்கென்ன பெருமை, விருந்து வரும் என்று கரைந்த காக்கைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், நள்ளியின் காட்டு ஆயர்களின் நெய்யும் தொண்டியில் விளைந்த நெல்லின் சுடுசோறும் ஏழு கலத்தில் படைத்தாலும் அதற்குக் கொஞ்சம்தான் என்கிறாள் தோழி. இந்தப் பாட்டால்தான் அந்தப் புலவர் காக்கை பாடினியார் நச்செள்ளையார் ஆனார்.

இத்தனை புள்ளிலும் எனக்கு நெருக்கமானது சிறகே இல்லாத ஒன்று. அதற்குப் பெயர் வாய்ப்புள். வாயிலிருக்கும் பறவை!

முல்லைப்பாட்டின் தொடக்கத்தில் வருகிறது. 103 அடிதான், பத்துப்பாட்டில் மிகச் சின்னது. பெருமழை கொட்டி ஓய்ந்த சாயங்காலம். போருக்குப் போன தலைவன் இன்னும் வரவில்லை, வீட்டில் அவள் அழுதுகொண்டிருக்கிறாள். வயது முதிர்ந்த பெண்கள் ஊர் எல்லைப் பக்கம் போகிறார்கள், நாழியில் நெல்லும் அப்போதுதான் இதழ் விரித்த முல்லையும் கொண்டுபோய்த் தூவி, கைகூப்பி, ஒன்றும் பேசாமல் காத்து நிற்கிறார்கள். இதற்கு 'விரிச்சி நிற்றல்' என்று பெயர். யாரோ ஒருவர், நம் கவலையைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர், தன்பாட்டுக்குப் பேசும் வார்த்தை காதில் விழ வேண்டும். அதுதான் விடை.

பக்கத்தில் ஓர் ஆயர் வீட்டுப் பெண் நிற்கிறாள். மழைக்குளிரில் நடுங்கும் தோள்மேல் கையைக் குறுக்காகக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு முன்னால் சின்னக் கயிற்றில் கட்டிய இளங்கன்று, தாயைக் காணாமல் தவித்துச் சுற்றிச் சுற்றி வருகிறது. அதைப் பார்த்து அவள் சொல்கிறாள்: கோவலர் பின்னால் நின்று ஓட்டிவர, 'இன்னே வருகுவர் தாயர்'. இதோ, உங்கம்மா இப்ப வந்துருவா. அவ்வளவுதான். கன்றுக்குச் சொன்ன ஆறுதல். முதிய பெண்கள் அந்த வார்த்தையை அப்படியே பொத்தி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவருகிறார்கள், நல்ல சொல் கேட்டோம் அம்மா, நல்லோர் வாய்ப்புள் நன்றாக இருக்கிறது, வினை முடித்து அவர் வருவது உறுதி என்று சொல்கிறார்கள்.

அவள் தேறவில்லை. 'காட்டவும் காட்டவும் காணாள்' என்று எழுதுகிறார் நப்பூதனார். எத்தனை எடுத்துச் சொன்னாலும் கண்ணீர் நிற்கவில்லை. குறி கிடைத்துவிட்டது என்பதற்காக அழுகை நின்றுவிடுவதில்லை என்று தெரிந்த மனிதர் அவர். பாட்டின் கடைசியில்தான் தேர்க்குதிரைகளின் ஓசை காதில் விழுகிறது.

எப்போதும் நல்ல சொல்லே விழும் என்றும் இல்லை. புறநானூறு 280இல் மார்பில் புண்பட்டுக் கிடப்பவனின் மனைவி பேசுகிறாள். நடுராத்திரி வண்டு வந்து இரைகிறது, விளக்கு நிற்காமல் அணைகிறது, தூங்காத கண் தூக்கத்துக்கு ஏங்குகிறது, கூகை குழறுகிறது, நெல்லும் நீரும் தெளித்து விரிச்சி பார்க்கும் முதுபெண்ணின் சொல்லும் 'நிரம்பா'. நிறையவில்லை. நல்லதாக அமையவில்லை என்பதற்கு அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார் மாறோக்கத்து நப்பசலையார். அவன் பிழைக்க மாட்டான் என்று அவள் ஓர் இடத்திலும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நமக்குத் தெரிந்துவிடுகிறது.

விரிச்சி என்ற சொல் இன்று புழக்கத்தில் இல்லை, வாய்ப்புள்ளும் இல்லை. ஆனால் அந்தச் செய்கை நம் வீடுகளில் அப்படியே இருக்கிறது. நிச்சயதார்த்தப் பேச்சின் நடுவில் கோயில் மணி அடித்தால் ஏன் எல்லோர் முகமும் மலர்கிறது? வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொன்னால் ஏன் அதட்டுகிறார்கள், 'போயிட்டு வர்றேன்னு சொல்லு' என்று? விளக்கை 'அணை' என்று சொல்வதில்லை, குளிர வை, அமர்த்து, மலையேற்று. பானையில் அரிசி தீர்ந்தால் 'அரிசி நிறைஞ்சிருக்கு'. தாலிக்கயிறு அறுந்தால் 'பெருகிருச்சு'. குழந்தை தும்மினால் உடனே 'நூறு', மறுபடி தும்மினால் 'இருநூறு'. தும்மலுக்கு வாழ்த்துவது திருக்குறளிலேயே (1317) இருக்கிறது, அங்கே அவள் வாழ்த்திய கையோடு 'யார் நினைத்துத் தும்மினீர்' என்று அழுவது வேறு கதை. நன்னூல் இந்த வழக்குக்கு 'மங்கலம்' என்று இலக்கணத்தில் தனி இடமே கொடுத்திருக்கிறது. சுடுகாட்டை நன்காடு என்பதும் கறுப்பு ஆட்டைக்கூட வெள்ளாடு என்பதும் அந்தக் கணக்குத்தான். நம் வாயிலிருந்து பறக்கும் சொல், யாரோ ஒருவர் காதில் குறியாகப் போய் உட்காரும் என்ற பயமும் அக்கறையும் சேர்ந்துதான் இத்தனை சொற்களை உண்டாக்கியிருக்கின்றன.

சரி, எல்லோரும் குறிக்குக் கட்டுப்பட்டே கிடந்தார்களா? இல்லை. உன்னம் என்று ஒரு மரம், போருக்கு முன் அது தழைத்து நின்றால் வெற்றி, கரிந்து சாய்ந்தால் தோல்வி என்று பார்ப்பார்கள். செல்வக் கடுங்கோ வாழியாதனைக் கபிலர் 'புன்கால் உன்னத்துப் பகைவன் எங்கோ' என்கிறார். மரம் தோற்பாய் என்றது, இவன் ஜெயித்துக் காட்டினான், ஆகவே எங்கள் அரசன் அந்த மரத்துக்கே எதிரி. இதையும் தாண்டி நிற்பது குறுந்தொகை 218. பிரிந்துபோனவன் நம் நினைப்பே இல்லாமல் அங்கே இருந்துகொள்ளத் தெரிந்தவன் என்று கோபத்தில் இருக்கும் ஒரு பெண் தோழியிடம் சொல்கிறாள்: கொற்றவைக்கு நேர்ந்துகொள்ள மாட்டோம், கையில் காப்புநூல் கட்ட மாட்டோம், 'புள்ளும் ஓராம் விரிச்சியும் நில்லாம்', அவனை நினைக்கக்கூட மாட்டோம். புள் பார்க்க மறுப்பது அவளுக்குப் பகுத்தறிவு இல்லை. அவன் வருவானா என்று கேட்பதையே நிறுத்துவதுதான் அவளால் கொடுக்க முடிந்த தண்டனை.

இவ்வளவையும் அடுக்கிப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. பறவை, பல்லி, காளை, மரம், காதில் விழுந்த சொல் என்று போன இந்த வரிசையில், இன்று சகுனம் என்றதும் மனிதர்களைத்தான் பார்க்கிறோம். எதிரே யார் வருகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. யாழ்ப்பாணத்தில் இதற்கு 'முழுவியளம்' என்று ஒரு சொல்லே உண்டு, நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எதிர்ப்படும் ஆளைப் பார்த்து 'நல்ல முழுவியளம்' என்பார்கள். இங்கே 'யார் மூஞ்சில முழிச்சேனோ'. சுமங்கலியைத் தண்ணீர்க்குடத்தோடு வேண்டுமென்றே எதிரே வரவைப்பதும், கணவனை இழந்தவளைக் கண்ணில் படாமல் ஒதுங்கச் சொல்வதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். முல்லைப்பாட்டில் வீட்டின் கவலையைத் தூக்கிக்கொண்டு மழையில் போனவர்கள் முதிய பெண்கள். அவர்கள் குறியைத் தேடிப் போனவர்கள், அவர்களே குறி இல்லை. புள் என்ற சொல்லுக்குள்ளும் சரி, சகுனம் என்ற சொல்லுக்குள்ளும் சரி, ஒரு பெண்ணின் வெறும் நெற்றிக்கு இடமே இல்லை. பறவை பறந்துபோன இடத்தில் நாம் கொண்டுபோய் அவளை உட்காரவைத்திருக்கிறோம். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லப் பழக்கியது அப்பத்தாதான். பல்லி கத்தினால் பேச்சை நிறுத்திவிட்டுத் தரையில் விரலால் மூன்று தடவை தட்டுவாள். தாத்தா இறந்த பிறகு, யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால், யாரும் சொல்லாமலேயே அவள் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். நான் முதல் வேலைக்குக் கிளம்பிய அன்றும் போய்விட்டாள். வாசலில் எனக்கு எதிரே நிறைகுடத்தோடு நிற்க ஏற்பாடு செய்திருந்த பக்கத்து வீட்டு அத்தை இன்னும் வந்து சேரவில்லை, அம்மா தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் கொல்லையில் அப்பத்தா மாட்டை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்டிருக்கிறாள் போல. கட்டிப்போட்ட கன்று விடாமல் கத்தியது. அவள் அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே பேசுவது வாசல்வரை கேட்டது. "கத்தாதடா ராசா. இந்தா வந்துருவா. எங்க போயிறப் போறா?"

நான் அந்த அத்தைக்குக் காத்திருக்கவில்லை. கிளம்பிவிட்டேன்.